கல்லூரி மாணவருக்கு எந்த நாவலைக் கொடுப்பது? மதுரையிலிருந்து ஏழு நூல்களின் ஒப்பீடு

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர்களும் நூலகர்களும், முதலாண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாடநூலுக்கு வெளியே, படிப்பவரைச் சிந்திக்க வைக்கும் இலக்கிய நாவல் ஒன்றை மாணவருக்குச் சொல்வதென்றால் எதைச் சொல்வது? கேட்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் உள்ளவை நல்ல நாவல்கள் என்பதிலும் அவர்களுக்கு ஐயமில்லை. எதை முதலில் கையில் கொடுப்பது, எதைப் பிறகு கொடுப்பது, எதைக் கொடுத்தால் நாமும் உடன் இருந்தாக வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம்.

அப்பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறும் ஏழு நூல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, பூமணியின் ‘வெக்கை’, பாமாவின் ‘கருக்கு’, அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆகியவை அவை. இவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை மதுரையோடோ தென்மாவட்டங்களோடோ ஏதேனும் ஒரு வகையில் தொடர்புடையவை. அந்த ஒன்றைச் சேர்த்ததற்கான காரணம் உரிய இடத்தில் வரும். எந்த நாவல் உயர்ந்தது என்று வரிசைப்படுத்துவது இக்கட்டுரையின் வேலை அன்று; ஒரு குறிப்பிட்ட மாணவர் கூட்டத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க உதவுவதே நோக்கம். பரிந்துரைப்பவர்களுக்காக எழுதுவதால் சில கதைகளின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

## எவற்றை வைத்து அளப்பது

முதலில் மாணவரை நினைத்துப் பார்க்க வேண்டும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி ஆகிய ஊர்களிலிருந்து காலைப் பேருந்தில் நின்றபடியே கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பலர், தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக உயர்கல்விக்கு வந்தவர்கள். மாலையில் ஜவுளிக்கடையிலோ உணவகத்திலோ வேலை பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. பள்ளிப் பாடநூலில் வந்த கதைகளைத் தவிர வேறு இலக்கியம் எதையும் அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அதே வகுப்பில், பள்ளிப் பருவத்திலேயே நூறு நாவல்களை முடித்துவிட்ட ஒரு மாணவியும் அமர்ந்திருக்கக்கூடும். இருவருக்கும் ஒரே நூலைக் கொடுக்க நினைப்பதிலிருந்தே பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

முதல் அளவுகோல் காலம். பருவத்தேர்வும் அகமதிப்பீட்டுத் தேர்வும் நெருக்கும் ஒரு பருவத்துக்குள், படிக்கப் பழகாத ஒருவரால் நூலை முடிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். பாதியில் கைவிட்ட நாவல், நாவல் என்றாலே தனக்கானது இல்லை என்ற எண்ணத்தை விதைத்துவிடும். இரண்டாவது மொழி. வட்டார வழக்கு, பழகிய மாணவருக்கு வாசலாகவும் பழகாதவருக்குத் தடையாகவும் இருக்கும். மூன்றாவது, திரைப்படமோ இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கமோ நூலுக்கு மாற்றாகிவிடுமா என்பது. மாற்றாகிவிடும் என்றால், படிக்காமலே பேசுவதற்கு மாணவருக்கு நாமே வழி செய்து கொடுத்தவர்கள் ஆவோம்.

நான்காவதாக நான் வைப்பதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். சிந்திக்க வைக்கும் நாவல் என்பது உயர்ந்த கருத்துகளை எடுத்துச் சொல்லும் நாவல் என்று பலர் கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நாவலைப் படித்து முடித்த மாணவர் செய்யக்கூடியது தலையசைப்பது ஒன்றே. கதை முடிந்த பிறகும், ஒரே வகுப்பில் நேர்மையாகப் படித்த இருவர் எதிரெதிரான முடிவுக்கு வரக்கூடிய ஒரு கேள்வியை விட்டுச்செல்லும் நாவலே சிந்திக்க வைக்கும் நாவல். அந்தக் கேள்வி எது என்று பரிந்துரைப்பவரால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், அந்த நூலை இப்போதைக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஐந்தாவது, அந்தக் கேள்வி வகுப்பில் எழும்போது யாருக்கு வலிக்கும் என்பது. சாதி, மதம், பாலியல் ஆகியவற்றைத் தொடும் நாவல்களில் மறைவான செலவு இங்கேதான் இருக்கிறது. நூலின் விலை பட்டியலில் தெரியும். வகுப்பில் ஒரு மாணவர் வாய்மூடிப்போவதன் விலை எங்கும் எழுதப்பட்டிருக்காது. இதிலிருந்துதான் தேர்வையே தீர்மானிக்கும் ஒரு கேள்வி பிறக்கிறது. பரிந்துரைப்பவர் நூலின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடப் போகிறாரா, மாணவரோடு நான்கைந்து முறையேனும் அமரப் போகிறாரா?

## வாடிவாசல்

1959இல் வெளிவந்த இந்த நாவல் நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு ஜல்லிக்கட்டு, ஒரு மாலைப்பொழுது, ஒரு காளை, கதை அவ்வளவே. ஜமீன்தாருக்குச் சொந்தமான, தன் தந்தை அம்புலியைக் குத்திக் கொன்ற காரிக்காளையை அணைவதற்காகப் பிச்சி வந்து நிற்கிறான். வாடிவாசலில் நிற்கும் கிழவரின் பேச்சு, திட்டிவாசல் வழியாகக் காளை வெளிப்படும் கணம், கூட்டத்தின் இரைச்சல் என்று செல்லப்பா வேறெங்கும் கவனம் சிதறாமல் எழுதிச்செல்கிறார். வத்தலக்குண்டில் வளர்ந்தவர் என்பதால் களத்தின் மொழியும் பழக்கமும் அவருக்குக் கைவந்திருக்கின்றன.

காலத்தைப் பொறுத்தவரை இதற்கு இணை இல்லை. நாவலே படித்திராத ஒரு மாணவர் விடுமுறை நாள் ஒன்றில் இதை முடித்துவிடலாம். ஒரு நாவலை முடித்துவிட்டோம் என்ற நிறைவு அடுத்த நூலுக்கு அவரை அழைத்துச்செல்லும். மதுரைப் பக்கத்து மாணவருக்கு மொழியும் தடையாகாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலர், காளைகளைப் பற்றி ஆசிரியரைவிட நுட்பமாகப் பேசுவார்கள். வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் ஒதுங்கி அமரும் மாணவர் அன்று முன்வந்து பேசுவது இந்த நாவலால் நடக்கும்.

அது விட்டுச்செல்லும் கேள்வியும் கூர்மையானது. பிச்சி காளையை அடக்கிவிடுகிறான். அடக்கப்பட்ட காளையை அதன் உரிமையாளரான ஜமீன்தாரே இறுதியில் சுட்டுக் கொல்கிறார். வென்றது யார்? காளை யாருடைய கௌரவத்தைச் சுமந்து நின்றது, எதற்காகச் செத்தது? பிச்சியின் பழி தீர்ந்ததா, வேறொருவரின் அவமானமாக மாறியதா? இவற்றுக்கு ஒரே விடை கிடையாது.

மறைவான செலவுகள் இரண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் மெரினாவிலும் இளைஞர்கள் கூடியதும், 2023இல் அதே நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் எல்லோர் நினைவிலும் இருப்பதால், நாவலைப் பற்றிய பேச்சு சிறிது நேரத்திலேயே ஜல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சாக மாறிவிடும். அதில் எல்லோரிடமும் ஆயத்தமான கருத்து இருக்கிறது. அதைச் சொல்ல நாவலைப் படித்திருக்க வேண்டியதில்லை. எனவே தடையைப் பற்றிய விவாதம் வேறொரு நாளுக்கு என்று முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும். இரண்டாவது செலவு, இந்த நாவலின் உலகத்தில் பெண்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பது. மகளிர் கல்லூரியில் முதல் நூலாக இதை வைத்தால், சில மாணவிகளுக்கு உள்ளே நுழைய வழி தெரியாமல் போகலாம். கௌரவம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் அந்தத் தடை பெருமளவு நீங்கும். வீட்டுக் கௌரவத்தின் சுமை அவர்களுக்குத் தெரியாத ஒன்று அல்லவே.

## வெக்கை

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்ல வைத்த வடக்கூரானை வெட்டிவிடுகிறான். கையை வெட்டுவதே அவன் எண்ணமாக இருந்தது, ஆள் செத்துப்போகிறான். அதன் பிறகு தந்தையும் மகனும் கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் மறைந்து திரியும் சில நாள்களும், அவர்கள் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுவதும்தான் நாவல். கொலையில் தொடங்கும் கதை என்றாலும், நிறைந்திருப்பது தந்தையும் மகனும் கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுவதும், பழைய நினைவுகளைப் பேசுவதும், ஒருவரையொருவர் தூங்க வைத்துக் காவல் இருப்பதுமே. இவ்வளவு பரிவோடு ஒரு தந்தை எழுதப்பட்ட தமிழ் நாவல்கள் குறைவு.

இந்த நூலைக் கொடுக்கும்போது முதலில் எதிர்ப்படுவது 2019இல் வெளிவந்த ‘அசுரன்’ திரைப்படம். பெரும்பாலான மாணவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். கதை தெரியும் என்று சொல்வார்கள். உண்மையில் அவர்களுக்குத் தெரிந்தது வேறொரு கதை. திரைப்படம் தந்தையின் கடந்தகாலத்தை மையமாக்கி அவரை நாயகராக நிறுத்துகிறது. நாவல் சிறுவனின் கண்ணோடு நடக்கிறது. திரைப்படத்தில் மேலெழும் சண்டைகளின் இடத்தில் நாவலில் பசியும் அச்சமும் வெயிலும் இருக்கின்றன. நாவல் எவருடைய சாதிப் பெயரையும் வெளிப்படையாகச் சொல்லுவதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையே ஒரு முழு அமர்வுக்குரிய கேள்வியாக வைக்கலாம். ஆக, திரைப்படத்தை இடையூறாகக் கருதி ஒதுக்குவதைவிட, எதை மாற்றினார்கள், மாற்றியதால் கேள்வி எப்படி மாறியது என்று எழுதச் சொல்வது பயன் தரும். படம் பார்த்தவரைப் படிக்க வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அது விட்டுச்செல்லும் கேள்வி: சட்டம் தன்னைக் காக்கவில்லை என்று அறிந்த குடும்பம், இறுதியில் அதே சட்டத்திடம் போய் நிற்பது தோல்வியா, தெளிவா? நேர்மையான மாணவர்கள் இதில் இரு பக்கமும் நிற்பார்கள்.

மறைவான செலவு கடுமையானது. தென்மாவட்டங்களில் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதியின் பெயரால் நிகழும் வன்முறை செய்தித்தாளில் மட்டும் படிக்கிற ஒன்று இல்லை. வகுப்பில் இருப்பவர்களுக்கு அதில் நேரடி அறிமுகம் இருக்கக்கூடும். பழிவாங்கலை வீரமாகப் படிக்கிற ஒரு வாசிப்பு எளிதில் கிளம்பும். சிறுவன் அருவாளை ஓங்கிய கணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அவன் இரவில் நடுங்கியதைப் பேசாமல் விட்டால் நாவலுக்கும் கேடு, வகுப்புக்கும் கேடு. ஆசிரியர் உடன் அமர முடியாத இடத்தில் இந்த நூலைக் கூட்டமாகப் படிக்கக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. தனியாகப் படிக்கும் பழக்கம் உள்ள மாணவருக்குத் தனியாகக் கொடுக்கலாம். கரிசல் வழக்கு முதல் இருபது பக்கங்களில் சற்றுத் தடுக்கும், பிறகு பழகிவிடும். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொன்னால் தடையே இல்லை.

## கருக்கு

‘கருக்கு’ நாவலா, தன்வரலாறா என்ற விவாதம் இன்றும் உண்டு. பட்டியல்களில் நாவலாகவே இடம்பெறுவதால் இங்கும் சேர்த்திருக்கிறேன். வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியைச் சேர்ந்த பாமா எழுதிய இந்நூல் 1992இல் மதுரையிலிருந்துதான் வெளியிடப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டின் கிராஸ்வேர்டு விருதைப் பெற்றது. மக்கள் பேசும் மொழியிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை எழுதப்பட்டிருப்பதால், எழுத்துத் தமிழைக் கண்டு அஞ்சும் மாணவர்கூடத் தயங்காமல் உள்ளே வருவார். இரண்டு மூன்று நாள்களில் முடித்துவிடலாம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி, ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் அதன் சரட்டைப் பிடித்துத் தூக்கிவருவதைக் கண்டு சிரிக்கிறாள். அண்ணன் விளக்கிய பிறகே அதன் பொருள் அவளுக்குப் புரிகிறது. சிரிப்பு வந்த இடத்தில் சினம் வரும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு எளிதாகக் கடந்துபோக எவராலும் முடியாது. படித்து முன்னேறினால் மதிப்பு தானாக வரும் என்று அண்ணன் சொல்கிறார். கல்லூரிக்கு வந்திருக்கும் முதல் தலைமுறை மாணவரும் அதே நம்பிக்கையோடுதான் வந்திருக்கிறார். படிப்பு எவ்வளவு தூரம் காப்பாற்றும், எங்கே கைவிடும் என்பதே இந்த நூல் விட்டுச்செல்லும் கேள்வி. அதைக் கல்லூரி வளாகத்துக்குள் அமர்ந்து பேசுவதற்குத் தனி வலிமை உண்டு.

ஆனால் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். இந்நூலைப் பேசும் வகுப்பில் பார்வைகள் தம்மையறியாமல் ஒருசில மாணவர்கள் பக்கம் திரும்பும். ‘உங்கள் ஊரிலும் இப்படியா?’ என்று நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி, அவர் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சபையில் வைத்துவிடும். எவரையும் தம் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்கக் கூடாது. பேசுவதும் பேசாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். சாட்சி சொல்லும் பொறுப்பை நூலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாணவர் ஏற்க வேண்டியதில்லை. ஆங்கில இலக்கிய வகுப்புகளில், தமிழ் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான நூல் அரிது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இதை முதல் தேர்வாகவே சொல்வேன், ஏனென்றால் நூலில் வரும் அவமதிப்புகளில் பல, வகுப்பறையிலும் விடுதியிலும் நிகழ்ந்தவை.

## பதினெட்டாவது அட்சக்கோடு

தென்மாவட்டங்களோடு தொடர்பில்லாத நூல் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டது இதைத்தான். கதை நிகழ்வது செகந்திராபாத்தில். ரயில்வே ஊழியரின் மகனான சந்திரசேகரன் கல்லூரியில் படிக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாட்டின் பிற பகுதிகள் விடுதலையைக் கொண்டாடும்போது, நிஜாமின் ஐதராபாத் அரசு இந்தியாவோடு இணையாமல் நிற்கிறது. நிஜாமுக்கு ஆதரவாக இயங்கிய ஆயுதப் படையான ரஜாக்கர்களின் ஆதிக்கம், காந்தி கொலையுண்ட செய்தி, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது ஆகிய அனைத்தும் இந்த இளைஞனின் அன்றாடத்துக்குள் வந்து விழுகின்றன. 1977இல் வெளிவந்த நாவல் இது.

இதை நான் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம், நாயகன் மாணவரின் வயதுக்காரன் என்பதும், அவன் நாயகனாக நடந்துகொள்வதே இல்லை என்பதும். பெரிய நிகழ்ச்சிகள் சுற்றிலும் நடக்கும்போது அவன் குழம்புகிறான், கூட்டத்தோடு சேர்கிறான், விலகுகிறான், அஞ்சுகிறான். எந்தப் பக்கம் நிற்பது என்று நாள்தோறும் கைப்பேசி வழியாகக் கேட்கப்படும் இன்றைய மாணவருக்கு, பக்கம் தெரியாமல் தவிக்கும் ஒருவனின் உள்மனம் அந்நியமாக இராது. கலவரத்தினிடையே ஓடித் தப்பும் சந்திரசேகரன் ஒரு ஏழை முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்துவிட, தம்மைத் தாக்க வந்தவன் என்று அவனை எண்ணிய அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற அவ்வீட்டுச் சிறுபெண் தன் உடலையே விலையாக முன்வைக்கும் இறுதிக் காட்சி, தமிழ் நாவல் எட்டிய உச்சங்களில் ஒன்று. அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனாலும் அவளுடைய அச்சத்துக்கு அவனே உருவமாக நிற்கிறான். தான் செய்யாத ஒன்றுக்காக ஒருவன் வெட்கப்பட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இரு தரப்பிலும் ஆழமான வாதங்கள் உண்டு. படிப்பவர் எந்தச் சமூகத்தில் பிறந்திருந்தாலும் அது அவரைத் தொடும்.

அசோகமித்திரனின் நடை எளிமையானது; அகராதி தேவையில்லை. கதைச்சுருக்கம் படித்தவரால் இந்த நாவலைப் பற்றிப் பேசவும் முடியாது, ஏனென்றால் சுருக்கத்தில் எஞ்சுவது நாவலின் மிகச் சிறிய பகுதியே. செலவு வேறிடத்தில் இருக்கிறது. முதல் பகுதியில் ஒன்றும் நடக்கவில்லை என்று மாணவர் சொல்வார். அந்த இடத்தில் பலர் நூலை மூடிவிடுவார்கள். ஐதராபாத் தனி அரசாக இருந்தது, நிஜாம் யார், ரஜாக்கர்கள் யார் என்பது பெரும்பாலானோருக்குத் தெரியாது. வரலாற்றுத் துறை நண்பர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைத்தால் போதும்; இரண்டு தடைகளும் சேர்ந்து விலகும். மதப் பகைமையை ஏற்கெனவே ஒரு பக்கமாகக் கேட்டுப் பழகியவர், தமக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் இடர் உண்டு என்பதால், இறுதி அத்தியாயத்தை எல்லோரும் முடித்த பிறகே விவாதத்தைத் தொடங்க வேண்டும்.

## நாளை மற்றுமொரு நாளே

1974இல் வந்த இந்த நாவல் கந்தன் என்ற மனிதனின் ஒரு நாளைச் சொல்கிறது. அவன் மனைவி மீனா பாலியல் தொழிலில் இருப்பவள். குடி, தரகு, சிறு ஏமாற்றுகள் என்று நகரும் அந்த நாளை ஜி. நாகராஜன் கண்டிக்கவும் இல்லை, புகழவும் இல்லை. மதுரையில் தனிப்பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1981இல் மதுரையிலேயே மறைந்த அவர், பேருந்து நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையில் நாம் பார்க்காமல் நடந்துபோகும் மனிதர்களைப் பார்த்தார். அறநெறியின் குரல் ஒலிக்காத ஓர் உலகத்தில் அன்பு இருக்க முடியுமா என்ற கேள்வியை இதைவிடத் துணிவாக எழுப்பிய தமிழ் நாவல் எனக்கு நினைவில்லை.

இலக்கியமாக இந்த ஏழில் முன்வரிசையில் நிற்கும் நூல் இது. ஆனால் பதினேழு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தவருக்குக் கட்டாய வாசிப்பாக இதைத் தரக் கூடாது. சிலர் சிரிப்பார்கள், சிலர் கூசுவார்கள், ஒரு பெற்றோர் துறைத்தலைவரிடம் முறையிடுவார். பேச்சு நாவலை விட்டுவிட்டு நாவலைக் கொடுத்தவரைப் பற்றியதாகிவிடும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு எழுந்து, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்தது உண்மைதான். எழுதும் உரிமைக்கு அத்தீர்ப்பு அரணாக நிற்கிறது. ஒரு பேராசிரியரின் வகுப்பறைச் சூழலை அதுவே சரிசெய்துவிடாது. முதுகலை மாணவருக்கும், தாமாக விரும்பி வாசகர் வட்டத்துக்கு வருகிறவருக்கும், சமூகப்பணித் துறையில் படிப்பவருக்கும் இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். விரும்பி எடுத்தவரின் கையில் இந்நூல் ஒரு கல்வி.

## இரண்டு பெரிய நூல்கள்

‘புயலிலே ஒரு தோணி’ (1972) சிங்கம்புணரியில் பிறந்து, இளவயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குச் சென்று, போருக்குப் பின் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றிய ப. சிங்காரத்தின் நாவல். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மேடானும் பினாங்கும், இந்திய தேசிய ராணுவமும், கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய தமிழரும், அந்நிய மண்ணில் மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்கும் பாண்டியனும் இதில் இருக்கிறார்கள். மனத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே தரும் நனவோடையும் சங்கப் பாடல்களின் எதிரொலியும் மலாய்ச் சொற்களும் கலந்த நடை புதிய வாசகரை முதல் அத்தியாயத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே நாவல்கள் படித்து, தமிழ் நாவலால் இவ்வளவுதான் முடியும் என்று நினைக்கத் தொடங்கிய மாணவருக்கு இதைக் கொடுங்கள். அவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

2011ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘காவல் கோட்டம்’ (2008) ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. மதுரையின் பல நூற்றாண்டுகளையும், காவலும் களவுமாக வாழ்ந்த ஒரு சமூகம் பிரிட்டிஷ் ஆட்சியில் குற்றப்பரம்பரை என்று முத்திரையிடப்பட்டதையும் சொல்கிறது. பருவகாலத்துக்குள் இது முடியாது. கோடை விடுமுறைக்குரிய நூல். முழுவதும் இயலாதபோது, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிக்கப்படும் பகுதியை மட்டும் படிக்கலாம். படித்த வாரத்திலேயே மாணவர்களை மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் விளக்குத்தூணுக்கும் விட்டவாசலுக்கும் அழைத்துச் சென்றால், நாள்தோறும் நடக்கும் தெருக்களின் பெயர்களுக்குப் பின்னால் ஒரு நகரம் இடிபட்டதை அவர்கள் காண்பார்கள். தம் முன்னோரைப் பற்றிய சித்திரமாக இதைப் படிக்கும் மாணவர்கள் வகுப்பில் இருப்பார்கள் என்பதையும், அவர்களுக்குப் பெருமையும் சங்கடமும் ஒருசேர எழும் என்பதையும் மறக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| நாவல் | படிக்கும் காலம் | மறைவான செலவு | யாருக்கு முதல் தேர்வு |
|---|---|---|---|
| வாடிவாசல் | ஒரு நாள் | பேச்சு தடைச் சர்ச்சையாக மாறுவது | நாவலே படித்திராதவர் |
| வெக்கை | ஒரு வாரம் | பழிவாங்கலை வீரமாக வாசிப்பது | திரைப்படம் பார்த்தவர். ஆசிரியர் உடனிருக்கும் குழு |
| கருக்கு | இரண்டு மூன்று நாள் | சில மாணவர் மீது பார்வை திரும்புவது | முதல் தலைமுறை மாணவர், ஆங்கில இலக்கியம், ஆசிரியர் பயிற்சி |
| பதினெட்டாவது அட்சக்கோடு | இரண்டு வாரம் | வரலாற்று அறிமுகம் இல்லாமல் கைவிடுவது | இரண்டாமாண்டும் அதற்கு மேலும் |
| நாளை மற்றுமொரு நாளே | ஒரு வாரம் | முறையீடு, கூச்சம் | முதுகலை, விரும்பி வருபவர் |
| புயலிலே ஒரு தோணி | ஒரு மாதம் | முதல் அத்தியாயத்திலேயே திரும்புவது | பழகிய வாசகர் |
| காவல் கோட்டம் | கோடை விடுமுறை | நூலின் அளவு, சமூகச் சித்திரம் | வரலாற்று ஆர்வம் உள்ளவர் |

படிக்கும் காலம் என்பது, நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஒதுக்கும் மாணவரை மனத்தில் வைத்துச் சொன்னது. வாடிவாசலுக்கு மட்டும் விடுமுறை நாள் ஒன்றைக் கணக்கில் கொண்டேன்.

## எதைத் தேர்ந்தெடுப்பது

பெயரை மட்டும் சொல்லிவிட்டு மாணவரிடமே விட்டுவிடுவதுதான் உங்களால் இயலும் என்றால், ‘வாடிவாசல்’ ஒன்றே பாதுகாப்பானதும் பயனுள்ளதும் ஆகும். அதை முடித்துவிட்டு வந்து அடுத்தது கேட்பவருக்கு ‘கருக்கு’ கொடுக்கலாம்.

ஒரு பருவத்தில் நான்கு மாலைகளையேனும் ஒதுக்க முடியும் என்றால், என் தேர்வு ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. மதுரை மாணவருக்குச் செகந்திராபாத் தொலைவில் இருப்பதே இதன் நன்மை. சொந்த ஊரின் சண்டைகளைப் பேசும்போது ஒவ்வொருவரும் தம் பக்கத்தைக் காக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தொலைவிலுள்ள ஊரைப் பேசும்போது தம் பக்கத்தையே ஐயுறும் துணிவு வருகிறது. அந்தத் துணிவு வந்த குழுவோடு அடுத்த பருவத்தில் ‘வெக்கை’யைப் படித்தால், வகுப்பில் இருக்கும் பிளவுகளைப் பற்றி ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் பேச முடியும். வரிசையை மாற்றினால் இது நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல இயலாது.

நூல் கிடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபது மாணவருக்கு நூலகத்தில் ஒரு பிரதி என்றால் எந்தத் தேர்வும் பயன்படாது. பத்துத் தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வாங்குவதைவிட ஒரே தலைப்பில் பத்துப் பிரதிகள் வாங்குவது நல்லது. தமுக்கம் மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் கழிவு கிடைக்கும். துறையின் சார்பில் அப்போது வாங்கிவைக்கலாம். சொந்தமாக வாங்க இயலாத மாணவர்களுக்கு, 2023இல் புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அமர்ந்து படிக்க நல்ல இடம். திருட்டுப் பிரதிகளைக் கைப்பேசியில் அனுப்பும் பழக்கத்தை ஆசிரியரே தொடங்கிவைக்கக் கூடாது. இந்த நூல்கள் தொடர்ந்து அச்சில் இருப்பது அவற்றை வாங்குபவர்களால்தான்.

மதிப்பெண்ணோடு இந்த வாசிப்பைக் கட்டாதீர்கள். அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் என்று அறிவித்த மறுநாள் கதைச்சுருக்கம் வகுப்பு முழுவதும் பரவிவிடும். அதற்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில் பாத்திரத்தோடு உடன்பட முடியாமல் போனதோ அந்தப் பக்க எண்ணை மட்டும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிவரச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. முதல் கூட்டத்தை, அதிகமானோர் குறித்த பக்கத்தை உரக்கப் படிப்பதிலிருந்து தொடங்கலாம்.